ஆலமரத்துக்கு ஒரு முகூர்த்தம்

சென்னையில் ஓர் இடத்தைக் கடைசிவரை பார்க்காமலே இருக்க வேண்டுமென்றால், அதற்குப் பக்கத்தில் வீடு பிடித்துக் குடியேறிவிட்டால் போதும். நாங்கள் இந்திரா நகர்வாசிகள். அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டம், ஊர் வழக்கில் சொன்னால் தியசாபிகல் சொசைட்டி, ஆட்டோக்காரர்கள் வர மறுக்கும் அளவுக்குப் பக்கம். மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது திரு.வி.க. பாலத்தின் மேல் இடது பக்கம் திரும்பிப் பார்த்தால், ஆற்றங்கரையில் கும்மென்று ஒரு காடு தெரியும். ஆற்றின் வாசனை தாங்காமல் பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் காட்டைக் கவனிக்க யாருக்கும் கை ஒழிவதில்லை.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருப்பேன். பொன்மலையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காபியை டபராவில் ஆற்றிக்கொண்டே, "மாப்பிள்ளை, இந்தத் தடவை அடையாறு ஆலமரத்தைப் பாத்துடணும். எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

"அதுக்கென்ன மாமா, நாளைக்கே போயிடுவோம்" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைப்பா. ஞாயிறு லீவு" என்றாள் மகள், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாமனார் டபராவைக் கீழே வைத்தார். மரத்துக்கு வாரவிடுமுறை உண்டு என்பது அவர் சர்வீசிலேயே கேள்விப்படாத செய்தி. மகள் மேலும் வாசித்தாள். காலை எட்டரை முதல் பத்து வரை, மதியம் இரண்டு முதல் நான்கு வரை. அந்தத் தோட்டத்தில் பார்வையாளர்களுக்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த வழக்கம் அதுதான். உள்ளே செல்லப்பிராணி கூடாது, தின்பண்டம் கூடாது, சத்தம் கூடாது. மூன்றாவது நிபந்தனை எங்கள் குடும்பத்துக்காகவே எழுதப்பட்டது போலிருந்தது.

சரி, வாரநாள் ஒன்றில் போகலாம் என்று முடிவானதும் மாமியார் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கொக்கியோடு கழற்றிக்கொண்டு வந்தார்.

திங்கள்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம்; கிளம்பும் நேரமே அதற்குள் விழுகிறது. செவ்வாய்க்கிழமை புது இடத்துக்குக் கால் வைக்கக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. புதன் காலை எமகண்டம். மதியம் போகலாமென்றால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் ராகு வந்து வாசலில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்ற வேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, சரியாக நாங்கள் மரத்தடியில் நிற்கும்போது, ராகு தொடங்கிவிடும். மதியம் ஒன்றரைக்கு எமகண்டம். சபையின் நேரத்தையும் நவக்கிரகங்களின் நேரத்தையும் கழித்துப் பார்த்ததில், எஞ்சியது வியாழக்கிழமை காலை ஒன்றுதான். அன்று எமகண்டம் ஏழரைக்கு முடிகிறது. ராகு மதியம் ஒன்றரைக்குத்தான். இடையில் உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம்.

வியாழக்கிழமை எனக்கு ஆபீஸ், மகளுக்குக் கல்லூரி. அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இதோடு விட்டிருந்தால் காரியம் நடந்திருக்கும். மனைவி தன் தங்கைக்குத் தகவல் சொன்னாள். தங்கை அம்பத்தூரில் இருக்கிறாள். அவள் வந்தால் சகலையும் வருவார். சகலை வீடு, மனை வாங்கி விற்பதில் கைதேர்ந்தவர். எந்த இடத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் வடகிழக்கு மூலை எங்கே என்றுதான் தேடுவார். உடனே 'ஆலமரம்' என்று ஒரு வாட்ஸாப் குழு தொடங்கப்பட்டது. சகலையின் முதல் கேள்வி: "உள்ள கேன்டீன் இருக்கா?" இரண்டாவது: "மொத்தம் எத்தனை ஏக்கர்?"

250 ஏக்கருக்கு மேல் என்று மகள் பதில் போட்டாள். ஒரு நிமிடம் அமைதி. பிறகு வந்தது: "நாலாயிரத்து ஐந்நூறு கிரவுண்டு. ஆத்தங்கரை. பீச் நடந்துபோற தூரம்." அதற்கடுத்து அழுகிற பொம்மை ஒன்று.

அவர் துக்கத்தைப் பெருக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தில், நான் படித்துவைத்திருந்ததை எடுத்துவிட்டேன். இந்தச் சபையை 1875-இல் நியூயார்க்கில் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ரஷ்யாவிலிருந்து போன பிளவாட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும். இருவரும் பம்பாய்க்கு வந்து, பிறகு தலைமையகத்துக்கு இடம் தேடி 1882-இல் அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பார்த்தார்கள். அப்போது அது 27 ஏக்கர். பங்களாவோடு சேர்த்து விலை சுமார் 9,000 ரூபாய். அந்த வருடம் டிசம்பரில் குடியேறிவிட்டார்கள்.

சகலை கணக்கில் புலி. கிரவுண்டு பதினெட்டு ரூபாய் சொச்சம் என்று அடுத்த நொடி பதில் வந்தது. தொடர்ந்து, "1882-ல நம்ம தாத்தா எல்லாம் என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டிருந்தார். குழுவில் யாரிடமும் பதில் இல்லை. தாத்தாக்கள் எல்லோரும் பிறக்காமல் தப்பித்திருந்தார்கள்.

அவ்வளவு மலிவாக ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு ஆல்காட்டே தம் நினைவுக்குறிப்பில் காரணம் எழுதியிருக்கிறார். நீலகிரியின் அடிவாரம்வரை ரயில் வந்துவிட்டது. மதராஸிலிருந்த பெரிய துரைமார்கள் எல்லாம் வருடத்தில் பாதியை ஊட்டியில் கழிக்கக் கிளம்பிவிட்டார்கள். ஆற்றங்கரை மாளிகைகளை வாங்க ஆளில்லை. ஆகவே, சென்னைக்காரன் அடையாற்றைக் கண்டுகொள்ளாமல் ஊட்டிக்கு ஓடுவது புதுப்பழக்கமல்ல. அது துரைத்தனத்தார் காலத்துச் சம்பிரதாயம்.

இதைப் படித்துக் காட்டியதும் மாமனாருக்கு உடம்பு பூரித்துவிட்டது. "பாத்தீங்களா மாப்பிள்ளை, எங்க ரயில்வே இல்லேன்னா அவங்களுக்கு அந்தத் தோட்டமே கிடைச்சிருக்காது" என்றார். மலை ஏறும் பல்சக்கர ரயில் குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும்தான் போய்ச் சேர்ந்தது, 1882-இல் மேட்டுப்பாளையத்திலேயே இறங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதை இப்போது நினைவூட்டுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஊட்டிக்கும் இந்தத் தோட்டத்துக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. 1907 முதல் சபையின் தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட். பெசன்ட் நகர் அவர் பெயரில்தான். அவர் ஹோம் ரூல் கிளர்ச்சியில் இறங்கியதும் மதராஸ் அரசாங்கம் 1917 ஜூனில் அவரைக் காவலில் வைத்தது. எங்கே என்றால், ஊட்டியில். குளிரில் மூன்று மாதம். அங்கே வீட்டுத் தோட்டத்தில் ஹோம் ரூல் கொடியை ஏற்றிவிட்டு, செப்டம்பரில் விடுதலையாகி, அதே வருடம் காங்கிரஸ் தலைவராகிவிட்டார். நாம் லீவு போட்டு, கடன் வாங்கி, கோடையில் மலைப்பாதையில் மணிக்கணக்காக வரிசையில் நின்று போகும் இடத்துக்கு, அந்தக் காலத்தில் தண்டனையாக அனுப்பியிருக்கிறார்கள்.

குழுவில் விவாதம் சூடுபிடித்தது. மாமியாருக்கு ஒரு சந்தேகம்: உள்ளே கோயில் இருக்கிறதா? இருக்கிறது. இந்துக் கோயில், பௌத்தக் கோயில், தேவாலயம், மசூதி, பார்சிகளுக்கான வழிபாட்டிடம் எல்லாம் தனித்தனியாக மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. "அப்ப ஒரே நடையில எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுடலாம்" என்றார் மாமியார். பிரம்மஞான சபை பல தொகுதிகளில் விளக்கிய சர்வமத சமரசத்தை அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே முடித்துவிட்டார்.

சகலைக்குப் பிடித்தது ஜே. கிருஷ்ணமூர்த்தி கதை. 1909-இல் அடையாறு முகத்துவாரக் கடற்கரையில் தம்பியோடு நின்றுகொண்டிருந்த பையனை சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் என்பவர் பார்த்து, இவன்தான் வரப்போகும் உலக குருவுக்கு ஏற்ற பாத்திரம் என்று சொல்லிவிட்டார். பையனின் தகப்பனார் சபையில் வேலை பார்த்துவந்தவர். "நம்ம பையனும் தினமும் அதே பீச்சுலதான் கிடக்கான். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல" என்று சகலை எழுதினார். பிறகு 1929-இல் கிருஷ்ணமூர்த்தி தமக்காக ஏற்படுத்தப்பட்ட இயக்கத்தையே கலைத்துவிட்டு வெளியேறியதைச் சொன்னேன். "வேலையில சேரும் முன்னாடியே ராஜினாமாவா? அப்ப நம்ம பையனேதான்" என்று மகிழ்ந்தார்.

பிளவாட்ஸ்கி அம்மையார் காலத்தில் அங்கே ஓர் அலமாரி இருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வருவதாகச் சொல்லப்பட்டு, 1884-இல் அது பெரிய சர்ச்சையாகி, லண்டனிலிருந்து ஆள் வந்து விசாரித்து, மோசடி என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். சபைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த அலமாரியில் நம்பிக்கை உண்டு. எங்கள் குழுவில் மட்டும் என்ன, யார் எழுதினார்கள் என்றே தெரியாத அறிவுரைகள் தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து விழுகின்றன. விசாரிக்கத்தான் ஆளில்லை.

இதற்குள் மாமனார் ஒரு நோட்டில் கால அட்டவணை போட்டு முடித்திருந்தார். வீடு: புறப்பாடு 7.40. நுழைவாயில்: வருகை 8.25. ஆலமரம்: வருகை 8.50, புறப்பாடு 9.15. மாமியாரின் முழங்காலுக்காக இரண்டு இடங்களில் 'நிறுத்தம், 5 நிமிடம்' என்று பென்சிலால் குறித்திருந்தார். கடைசியில் வெளியேற்றம் 9.58. பத்து மணிக்கு மேல் உள்ளே ஒரு நிமிடம் நின்றாலும் சிவப்புக் கொடி என்பது போல அடிக்கோடு.

"1886-ல ஆல்காட் ஆரம்பிச்ச லைப்ரரி ஒண்ணு இருக்கு தாத்தா. ஆயிரக்கணக்குல ஓலைச்சுவடி" என்றாள் மகள்.

"அதுக்கு இந்த வண்டி நிக்காதும்மா."

அடுத்து சாப்பாடு. ஆற்றங்கரை, நிழல், குடும்பம் என்று மூன்றும் சேர்ந்தால் தமிழனுக்கு நான்காவதாகத் தோன்றுவது புளியோதரை. மாமியார் எவர்சில்வர் தூக்கையும் வாழையிலையையும் எடுத்து வைத்துவிட்டார். உள்ளே அனுமதி கிடையாது என்று சொன்னபோது, "ஆலமரத்தடியில உக்காந்து சாப்பிடலேன்னா அப்புறம் ஆலமரம் எதுக்கு?" என்றார். அன்னி பெசன்ட், கிருஷ்ணமூர்த்தி, 1939-இல் வந்த இத்தாலியரான மரியா மாண்டிசோரி என்று பெரியவர்களின் பேச்சையெல்லாம் கேட்ட மரம் அது என்றேன். "பேசினவங்களுக்குப் பசிச்சிருக்காதா?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டார்.

அந்த மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுமார் 450 வயது என்கிறார்கள். 1989-இல் அடித்த காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஆகவே, போய்ப் பார்க்கிறவர்கள் 'நடுமரம் எங்கே?' என்று தேடினால் ஏமாந்துபோவார்கள். விழுதுகள் ஒவ்வொன்றும் தூண் தூணாகத் தரையில் ஊன்றி, தனித்தனி மரமாகி, மேலே ஒரே கூரையாக நிற்கின்றன. எது மூத்தது, எது இளையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து அந்தத் தோட்டத்தில் எத்தனையோ மரங்களை வேரோடு சாய்த்தபோதும் இது தாக்குப்பிடித்தது.

அந்தக் கெடுபிடியான நேரமும் விதியும் சரிதான் என்பது என் கட்சி. சென்னையில் நாள் முழுதும் திறந்துவைத்த இடம் ஒன்றில், பட்டையில் அம்பு துளைத்த இதயமும் அதற்கு இருபக்கமும் இரண்டு பெயரும் செதுக்கப்படாத மரம் ஒன்று காட்டுங்கள். 250 ஏக்கர் காடு, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, சகலை மாதிரி ஆட்கள் உலவும் ஊரில் இத்தனை காலம் பிழைத்திருக்கிறதென்றால் காரணம் அந்தக் கேட்டுதான்.

வியாழக்கிழமைக்கு எல்லோரும் லீவு எடுத்தோம். சகலையும் எடுத்தார். புதன் இரவு பத்து மணிக்குக் குழுவில் அவரிடமிருந்து செய்தி: "வியாழன் லீவு போட்டாச்சு. வெள்ளியும் சேர்த்துப் போட்டா நாலு நாள். ஒன்றரை மணி நேரத்துக்காக அதை வீணாக்குவானேன்? நாங்க ஊட்டி கிளம்பறோம்."

நாங்கள் ஆலமரத்தடியில் மாமனாரின் அட்டவணைப்படி நின்றுகொண்டிருந்தபோது (மூன்று நிமிடம் தாமதம், முழங்கால் காரணம்) எதுவும் தெரியாது. வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால் ஊட்டி தாவரவியல் பூங்காவிலிருந்து படம் வந்திருந்தது. கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றின் பக்கத்தில் குல்லாவும் ஸ்வெட்டருமாகச் சகலை. கீழே: "இதுக்கு வயசு 2 கோடி வருஷமாம். உங்க மரம் வெறும் 450 தானே?"

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: "அது ரிட்டயர்டு. இது இன்னும் சர்வீசில் இருக்கிறது."

நீங்களும் போவதாக இருந்தால் முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரமும் விதியும் மாறக்கூடியவை. புளியோதரையை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சகலைக்குச் சொல்லாதீர்கள்.