கேலரிக்குக் கிளாஸ், பாறைக்குச் சில்லு

2023இல் தமிழக அரசுக்கு ஞானோதயம் பிறந்தது. மேட்ச் பார்க்கிறவனுக்குத் தாகம் எடுக்குமாமே! கல்யாண மண்டபம், மாநாட்டுக் கூடம், விளையாட்டு அரங்கம் எல்லாவற்றிலும் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்று அரசிதழில் அச்சடித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கல்யாண மண்டபத்தை மட்டும் அவசரமாக அடித்தார்கள். விளையாட்டு அரங்கம் தப்பித்தது. தாலி கட்டும் இடத்தில் குடிக்கக் கூடாது. அது அடகுக்குப் போன பிறகு எங்கே குடித்தாலும் ஆட்சேபம் இல்லை.

இந்த ஞானம் எங்கள் செட்டுக்கு 2008லேயே இருந்தது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு பார். பிளாஸ்டிக் ஸ்டூல், தண்ணீர்ப் பாக்கெட், அவித்த முட்டை, இரும்புக் கூண்டுக்குள் ஒரு டிவி. கல்லூரிப் பையன்களுக்கு அதுதான் லார்ட்ஸ் மைதானம். 21 வயது ஆகாதவனுக்கு மது கிடையாது என்பது சட்டம். மீசையைப் பார்த்து வயதைக் கணித்தார்கள். மீசை இல்லாதவனுக்கும் பெரிய மனதோடு கணித்தார்கள்.

அந்த 2008 ஏப்ரலில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எதிர்த்துக் கர்நாடகத்தில் கொந்தளிப்பு. அங்கே தேர்தல் முடியட்டும் என்று முதல்வர் கருணாநிதி திட்டத்தை நிறுத்தி வைத்தார். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறி, எலும்பு வளைந்துபோன தர்மபுரி ஜனங்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டார்கள். அதே மாதம் 18ஆம் தேதி பெங்களூரில் ஐபிஎல் தொடங்கியது. விஸ்கியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட அணி களம் இறங்கியது. எதிரணியின் மெக்கல்லம் 158 அடித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. குடிநீர் எல்லையில் நின்றது. விஸ்கியின் பெயருக்கு எல்லையும் இல்லை, தேர்தலும் இல்லை.

திட்டம் ஒரு வழியாக 2013இல் வந்து சேர்ந்தது. செலவு சுமார் 1,928 கோடி ரூபாய், அதற்கு ஜப்பானிடம் கடன். 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி. வகுத்துப் பாருங்கள். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நல்ல தண்ணீர் கொடுக்க ஆன செலவு, இன்றைக்குப் பாட்டில் விற்கும் பதினைந்து நாள் வருமானம்.

சமீபத்தில் மறுபடி போனேன். அந்தத் தகரக் கூரை இல்லை. பார் போய்விட்டதே என்று வருந்த அவசியமில்லை, ஆற்றங்கரையே பார் ஆகிவிட்டது. பாறைக்குப் பாறை பையன்கள், கையில் செல்போன், அதில் மேட்ச். விக்கெட் விழுந்தால் ஒரு பாட்டில் உடைகிறது, சிக்ஸர் போனால் இன்னொன்று. பரிசல்காரர் வெறுங்காலோடு சில்லுகளை விலக்கி விலக்கி நடக்கிறார். மீன் வறுக்கிற அக்கா சொன்னார்: “தெனமும் யார் காலையாச்சும் கிழிக்குது கண்ணு. குடிச்சவன் காலைத் தவிர.”

1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். இந்தப் பாறைகளும் அப்போது சேலம் ஜில்லாதான். வருமானம் போயிற்றே என்று 1939இல் விற்பனை வரி போட்டார். மதுவிலக்கு செத்துப்போனது, வரி சாகவில்லை. மது இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான் இருக்கிறது. கள்ளுக்கடையை மூடிய நஷ்டத்துக்குப் பிறந்த வரியின் வாரிசு, இன்று பாட்டிலின் கழுத்தைப் பிடித்தே வசூலாகிறது. இத்தனையும் நடத்தும் துறையின் பெயர், சிரிக்காமல் படியுங்கள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.

2016இல் 500 கடை, 2017இல் 500, 2023இல் 500 என்று மூடிக் காட்டினார்கள். கல்லா மட்டும் மேலும் மேலும் நிரம்பியது. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் யோசனைகூடத் தானாக வரவில்லை. நீலகிரியில் யானைகளின் கால் கிழிகிறதே என்று உயர் நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகுதான் 2022இல் வந்தது. பரிசல்காரரும் யானையாகப் பிறந்திருக்கலாம்.

ஸ்டேடியத்தில் பரிமாறும் உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அமைச்சரே. விற்றவர் நீங்கள், லாபம் பார்த்தவர் நீங்கள். துடைப்பத்தோடு ஒகேனக்கல் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.