பரமேஸ்வராவின் சிஜிபிஏ

மலாக்காவில் முதன்முதலில் கோட்டை விட்டுவிட்டு நிபந்தனை நிலையில் உட்கார்ந்தவர் துரியான் துங்கால் யுடெம் பல்கலைக்கழகத்து மாணவர் இல்லை, மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா. பெயரைக் கேட்டதுமே "நம்ம ஆளுடா!" என்று ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அவருடைய மார்க்கைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், நம்ம ஆள்தான்.

முதல் செமஸ்டர், பலேம்பாங். மஜாபாகித் வந்து விரட்டியது, ஓட்டம். இரண்டாவது, துமாசிக். அங்கே அடைக்கலம் கொடுத்த தெமாகியைத் தீர்த்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தெமாகி சயாமுக்கு வேண்டியவர். சில ஆண்டுகளில் விரட்ட ஆள் வந்தது, மறுபடியும் ஓட்டம். பாடத்திலும் பெயில், ஒழுங்கிலும் பெயில்.

அடுத்து மூவார். இந்தக் கட்டத்தைச் 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் நூல் ஈவிரக்கமில்லாமல் எழுதிவைத்திருக்கிறது. (அதில் அவர் பெயர் இஸ்கந்தர். ரிசல்ட் மோசமானால் வேறு பெயரில் உலாவுவது பழைய வழக்கம்தான் போல.) ஓரிடத்தில் தங்கினால் உடும்புகள் படையெடுத்தன. கொன்று ஆற்றில் போட்டார்கள், நாற்றம் தாங்கவில்லை. அந்த இடத்துக்கே 'பியாவாக் பூசோக்', நாறிய உடும்பு, என்று பெயராகிவிட்டது. அடுத்த இடத்தில் பகலில் கட்டிய கோட்டை ராத்திரியில் இடிந்து விழுந்தது. அதற்கு 'கோத்தா புரூக்'. நாம் பெயிலானால் பல்கலைக்கழகத்தின் ஒரு கடிதத்தோடு போயிற்று. இவர் பெயிலான இடங்களையெல்லாம் ஊர்ப்பெயராக்கி உலகத்துக்கே அறிவித்துவிட்டார்கள். போதாததற்கு, 2013 முதல் எஸ்பிஎம்மில் வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. இவர் பெயிலான கதையில் நாம் பெயிலாகக் கூடாதாம்!

கடைசியில், 1400 வாக்கில், மலாக்கா வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சருகுமான் ஒன்று வேட்டை நாயை உதைத்து ஆற்றில் தள்ளியது. சருகுமானின் வீரத்தைக் கண்டு ஊர் அமைத்தார் என்கிறது பாடநூல். ஓடி ஓடி அலுத்த மனிதர் அந்த நாயைப் பார்த்துத்தான் பெருமூச்சு விட்டிருப்பார் என்பது என் கட்சி.

ஆனால் அவர் தேறியது சருகுமானால் இல்லை. முதலில் நிபந்தனையை ஏற்றார்: சயாமுக்கு ஆண்டுதோறும் 40 தாயில் தங்கம். வீறாப்பு பேசவில்லை, கட்டினார். அடுத்து, வராத சண்டைப் பாடத்தை விட்டுவிட்டுக் கைவந்த கடல் பாடத்தை எடுத்தார். நீரிணையில் போன கப்பல்களைத் துறைமுகத்துக்கு இழுத்தார். 1403இல் சீனத் தூதர் யின் சிங் வந்தார். அது போதும் என்று இருந்துவிடாமல், 1411இல் மனைவி, மகன், 540 பேர் பரிவாரத்தோடு கடல் தாண்டிப் போய் மிங் பேரரசர் யோங்லேயைப் பார்த்தார். அட்வைசர் அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பும் தம்பிகள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

இப்போதைய கணக்குக்கு வருவோம். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் கோடு 2.00. அதற்குக் கீழே போனால் 'பெர்ஷாரத்', அதாவது நிபந்தனை நிலை. பல இடங்களில் 1.70க்கும் கீழே என்றால் 'காகால்', மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிடிபிடிஎன் கடனும் 2.00 கேட்கிறது. 15 கிரெடிட் முடித்து 1.80 என்றால், அடுத்த 15 கிரெடிட்டில் 2.20 எடுத்தாலே கோட்டைத் தொட்டுவிடலாம். அதே 1.80ஐ 45 கிரெடிட் வரை இழுத்துக்கொண்டு போனால், அடுத்த 15இல் 2.60 வேண்டும். தள்ளிப்போடுகிறவனுக்குக் கணக்கு வட்டி போடுகிறது.

நம் சனத்துக்கு இப்படிப் பின்தங்கி எழுவது புதிதும் இல்லை. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, மலாய் மொழியில் மார்க் போதாமல், முதலாம் படிவத்துக்கு முன் ஒரு வருடம் 'ரிமூவ்' வகுப்பில் உட்கார்ந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. அதில் உட்கார்ந்து எழுந்து வக்கீலானவர்களும் உண்டு, டாக்டரானவர்களும் உண்டு. அந்த ஒரு வருடத்தைப் பற்றி இப்போது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஆகவே தம்பி, தங்கச்சி, கடிதத்தை மோட்டார் சீட்டுக்கு அடியில் ஒளிக்காதீர்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள், திட்டு ஒரு ராத்திரியோடு போகும். பெயிலான பாடத்தை முதலில் மறுபடி எடுங்கள், புதுப் பாடங்களைக் குறையுங்கள். இந்த வாரமே அட்வைசரைப் போய்ப் பாருங்கள். 540 பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தனியாகப் போனால் போதும்.