எங்க ஆளும் இல்லை, வேற எடத்துக்கும் போகக் கூடாது

சிவகாசி நாரணாபுரம் பக்கம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெடிப் பெட்டிக்கு லேபிள், தினசரி காலண்டருக்கு அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று நாலு இடத்து வேலையை வாங்கிச் செய்யும் டிசைனர் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் முத்திரைத்தாளில் அடித்த ஒப்பந்தம் ஒன்றைப் பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சிகள் நீட்டுகிறார்கள். "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து."

சும்மாவுக்கு எதற்கு அண்ணாச்சி நாலு பக்கம் என்று தம்பி கேட்பதில்லை. கேட்டால் போன தீபாவளி லேபிளுக்கான பாக்கி அடுத்த தீபாவளிக்குப் போய்விடும்.

படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும், பிறகு வயிறு எரியும். முன்பக்கத்தில் ஒரு பத்தி: இவர் எங்கள் ஊழியர் அல்ல, பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, போனஸ் கிடையாது. பின்பக்கத்தில் இன்னொரு பத்தி: ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடத்துக்கு இவர் வேறு எந்தப் பட்டாசுக் கம்பெனிக்கும் வேலை செய்யக் கூடாது. சோறு போடுகிற நேரத்தில் இவன் யாரோ. வாசலைத் தாண்டுகிற நேரத்தில் நம்ம வீட்டுப் பிள்ளை! நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்துச் சரக்கு. இங்கே குடியிருந்துகொண்டு வேறு கம்பெனிக்கு லேபிள் போடாதே என்றால், ரெண்டு வருடம் அவன் காற்றையா அச்சடித்துத் தின்பான்?

கேட்டால், எல்லாம் தொழில் ரகசியத்தைக் காப்பாற்றத்தானாம். அந்த ரகசியம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேசை டிராயர் திறக்கும். உள்ளேயிருந்து பக்கத்துக் கம்பெனியின் சங்குசக்கரப் பெட்டி வெளியே வரும். "இதே மாதிரி வேணும் தம்பி, ஆனா இதே மாதிரி இருக்கக் கூடாது. மயிலை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிரு. செவப்புக்குப் பதிலா ரோஸ் போடு." தம்பி மயிலைத் திருப்புகிறான். அந்த நிமிடமே அது கம்பெனியின் அறிவுசார் சொத்து. திருப்பிய கைக்கு இரண்டு வருடப் பூட்டு.

இந்த ஊர் எப்படித் தொழில் ஊரானது என்பதாவது நினைவிருக்க வேண்டாமா? 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் என்று ஊரே எழுந்தது. கற்றுக்கொடுத்தவர் அன்றைக்கு இதே நாலு பக்கத்தை நீட்டி, "கற்றதை வைத்துத் தொழில் நடத்தமாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தால், இன்றைக்கு அண்ணாச்சிக்கு ஏது ஏசி அறை, ஏது சுழல் நாற்காலி?

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி, ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கடையை நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும்தான் அதில் விலக்கு. தம்பி கடையை விற்கவில்லை, லேபிள்தான் விற்றான். 1874இல் இதே கல்கத்தாவின் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒன்றில் மட்டும் உஷார்: ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு இடத்துக்கு வேலை செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்தால் அது செல்லும். 1967இலேயே உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. விலைப்பட்டியலை வெளியே சொல்லாதே என்ற நிபந்தனையும் நியாயம்தான்.

செல்லாது என்று தெரிந்தும் ஏன் எழுதி வாங்குகிறார்கள்? கோர்ட்டில் ஜெயிக்கவா? கோர்ட்டுக்கு யார் போகப்போகிறார்கள்! வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தாலே தம்பியின் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். வேலை கொடுக்கவிருந்த அடுத்த கம்பெனிக்கு ஒரு போன் போட்டாலே வேலை நின்றுவிடும். செல்லாத காசை வைத்து ஊரையே விலைக்கு வாங்கும் சாமர்த்தியம் இது.

கையில் முன்பணத்தைத் திணித்து, கடன் தீரும்வரை வேறு இடம் போகாதே என்று கட்டிப்போடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. கடனுக்கு ஈடாக வேலை தேடும் உரிமையைப் பறிப்பதை 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமையின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கேயாவது கட்டிப்போட முன்பணம் என்று ஏதோ கொடுத்தார்கள். இங்கே அண்ணாச்சிதான் தம்பிக்குப் பாக்கி வைத்திருக்கிறார். கடன்காரன் கடன் கொடுத்தவனைக் கட்டிப்போடும் அதிசயத்தை நம்ம ஊர்தான் கண்டுபிடித்திருக்கிறது.

தம்பி, தங்கச்சி, பயப்படாமல் பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடியுங்கள். அடித்த இடத்தில் அவரையும் சுருக்கொப்பம் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால், "சரி அண்ணாச்சி, நான் சும்மா இருக்கிற ரெண்டு வருசத்துக்கு மாசம் எவ்வளவு தருவீங்க? அதையும் எழுதிருவோம்" என்று கேளுங்கள். அதற்கும் சிரித்து மழுப்பினால் எழுந்து வாருங்கள். வருவதற்கு முன் பழைய பில் பாக்கியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.