மொலோகாயின் பாட்டுக் கோஷ்டி

கேள்வி: தாய்நாட்டையும் சுற்றத்தையும் விட்டுக் கடல் கடந்து போகும் கிறிஸ்தவ மிஷனரிகள், தாங்கள் ஆனந்தமாயிருப்பதாக ஊருக்கு எழுதும் கடிதங்களை நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். பெல்ஜியத்தில் 1840-இல் குடியானவர் குடும்பத்தில் பிறந்த தமியான் பாதிரியார், ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்படவிருந்த தம் தமையனார் ஜுரத்தில் படுத்துவிட்டதால், அவருடைய ஸ்தானத்தில் தம்மை அனுப்பும்படி மன்றாடி அனுமதி பெற்றுக் கப்பலேறியவர். கஷ்டத்துக்குப் போகிறவர்கள் இப்படி முந்திக்கொண்டு இடம் பிடிப்பதில்லை. 1873-இல், மொலோகாய்த் தீவில் செங்குத்தான மலைக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே அரசாங்கம் ஒதுக்கிவைத்திருந்த குஷ்டரோகிகளிடம் சென்று, அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டி, வீடுகள் எழுப்பி, குழாய் பதித்துத் தண்ணீர் வரவழைத்து, இறந்தவர்களுக்குச் சவப்பெட்டிகளைத் தம் கையாலேயே இழைத்துக் கொடுத்த அந்த மகான், அங்கே ஒரு பாட்டுக் கோஷ்டியையும் ஏற்படுத்தினார். என் வரையில் அந்தக் கோஷ்டிதான் பிரதான சாட்சி; கடமைக்காக வந்தவர் சவப்பெட்டியோடு நிறுத்திக்கொண்டிருப்பார், உள்ளே சந்தோஷம் பொங்குகிறவருக்கே மரணத்தின் வாசலில் இருப்பவர்களைப் பாடவைக்கத் தோன்றும்!

நோய் தம்மையே பற்றிக்கொண்ட பின்னும், தாம் மகிழ்ச்சியோடும் திருப்தியோடும் இருப்பதாக அவர் எழுதினார். அதற்கான பலத்தை நற்கருணைச் சந்நிதியிலே பெறுவதாகவும் நன்றியோடு சொல்லிவந்தார். 1889 ஏப்ரலில், தமது 49-ஆம் பிராயத்தில் கண்மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை, புண்பட்ட கைகளோடு கோயில் விஸ்தரிப்பு வேலையில் ஈடுபட்டிருந்தார்.