முதலில் வாயைத் திறந்து பாருங்கள்!

கேள்வி: அமெரிக்காவில் பழைய பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் வாங்குகிறவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல, முதலில் வாயைத் திறந்து பாருங்கள். விற்பவர் ‘காலிதான்’ என்று கற்பூரம் அணைத்தாலும் தோட்டா அறையிலும், குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாயிலும் விரல் விட்டே தீர வேண்டும். பிறகு குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது, விலையே பேசாதீர்கள். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் இடறாமல் ஓடி, ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். டம்மி தோட்டா போட்டு, போனதெல்லாம் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

மேல்பூச்சு தேய்ந்திருந்தால் பரவாயில்லை. 1950-இல் அறிமுகமான ரெமிங்டன் 870 ரகத்தில், சாயம் போயும் உழைக்கிறவை ஏராளம். ஆனால் குழலில் பொறித்த எழுத்தைப் படிக்காமல் விடாதீர்கள். 2¾ அங்குலம் என்றிருந்தால் 3 அங்குலத் தோட்டா கூடவே கூடாது. அது உள்ளே நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து: சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

துளி சந்தேகம் இருந்தாலும், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே பணத்தை எடுங்கள்.