ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு பெயர்

கடற்கரை மணலில் ஒரு புதிய தட்டைப்புழுவைப் பிடித்துவிட்டால், அன்றைக்கே அது 'புதிய இனம்' ஆகிவிடுமா?
— வாசகி, தேனி

ஆகாது. அன்றைக்கு அது வெறும் புழு. அளந்து, படம் எடுத்து, ஏற்கெனவே பெயர் பெற்ற உறவினர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுதி, அது வெளியான பிறகுதான் இனம். நடுவில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஓடலாம். இத்தாலியின் வட ஏட்ரியாட்டிக் கரையில் லிக்னானோ என்றொரு கடற்கரை ஊர். அங்கே மணலில் கிடைத்த ஒரு புழுவை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வளர்த்தார்கள். 2000இல் அதன் ஸ்டெம் செல்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வந்தது. 2004இல் அதன் கலவி முறை பற்றி இன்னொன்று. இரண்டிலும் அதன் பெயர் 'மேக்ரோஸ்டோமம் எஸ்பி.' மட்டுமே. அதாவது, பேரினம் தெரியும், மற்றதைப் பிறகு சொல்கிறோம். 2005இல்தான் லாடூர்னர், ஷேரர், சால்வென்மோசர், ரீகர் என்ற நால்வர் முறைப்படி விவரித்து 'மேக்ரோஸ்டோமம் லிக்னானோ' என்று பெயர் வைத்தார்கள். அந்தரங்க வாழ்க்கை முதலில் அச்சேறி, பெயர்சூட்டு விழா ஒரு வருடம் கழித்து நடந்த பிராணி வேறு உண்டா என்று தெரிந்தவர்கள் எழுதலாம்.

இவ்வளவு சின்னப் புழுவை எப்படிப் பிடிக்கிறார்கள்? வலையா, தூண்டிலா?
— மாணவர், நாகர்கோவில்

மண்வெட்டி. புழுவின் நீளம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், உடம்போ கண்ணாடி மாதிரி. மணலோடு சேர்த்து அள்ள வேண்டியதுதான். அள்ளிய பிறகுதான் வம்பு. அதன் வாலில் சுமார் 130 ஒட்டுறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பசை சுரக்க ஒரு சுரப்பி, பசையை விடுவிக்க இன்னொன்று. அலை அடித்தால் மணலைப் பிடித்துக்கொள்ளும், போக வேண்டுமென்றால் விட்டுவிடும். ஆய்வாளர் வந்தால் பிடித்துக்கொள்ளும். ஆகவே மக்னீசியம் குளோரைடு கரைசலை ஊற்றிச் சற்று நேரம் மயக்கத்தில் வைக்கிறார்கள். பிறகு அரிசி களைவது போலக் கலக்கி, மேலே நிற்கும் நீரை மட்டும் மிக நுண்ணிய சல்லடையில் வடிக்கிறார்கள். நாம் அரிசியை வைத்துக்கொண்டு கழுநீரை மாட்டுக்கு ஊற்றுவோம். இவர்களுக்குக் கழுநீர்தான் சமையல்.

பிடித்ததை ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஆற அமரப் பார்க்கலாமே? எதற்கு அவசரம்?
— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, வண்டுக்கும் நண்டுக்கும் நீங்கள் சொல்வது சரி. அவற்றுக்கு ஓடு இருக்கிறது, செத்தாலும் உருவம் நிற்கும். இதற்கு ஓடுமில்லை, எலும்புமில்லை. வெறுமனே மருந்தில் போட்டால் சுருங்கிக் குறுகி, எந்த இனம் என்ன, எந்தப் பக்கம் தலை என்பதே சந்தேகமாகிவிடும்.

அதனால் இந்தத் துறையில் முக்கியமான வேலையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே நடக்கிறது. ஒரு சொட்டுக் கடல்நீரில் புழுவை விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுப்பார்கள். தகடு இறங்க இறங்கப் புழு அசைய முடியாமல் தட்டையாகும். (ஏற்கெனவே தட்டை. இன்னும் தட்டை.) உடல் கண்ணாடி போலிருப்பதால் கண்கள், குடல், விரைகள், சூலகங்கள், உருவாகிக்கொண்டிருக்கும் முட்டை எல்லாம் அறுக்காமலே தெரியும். கொஞ்சம் அதிகம் நசுக்கினால் வெடித்துவிடும். கை பழக வேண்டும்.

முன்பெல்லாம் இப்படிப் பார்த்ததைக் கையால் வரைந்தார்கள். பல பழைய இனங்களுக்கு அந்த ஓவியத்தை விட்டால் அதிகச் சாட்சி இல்லை. பின்னால் வருபவர், படத்தில் தெரியும் வளைவு புழுவினுடையதா பேனாவினுடையதா என்று ஊகிக்க வேண்டியதுதான். லிக்னானோ புழுவை விவரித்தவர்கள் செய்த நல்ல காரியம், டிஜிட்டல் நுண்ணோக்கிப் பதிவுகளையும் விவரிப்பின் பங்காக்கியது. புழுவின் பெயரைவிட இதுதான் பெரிய வரவு என்பேன். சந்தேகப்படுகிறவர் தானே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபார்மலின் வகையறாவுக்கும் வேலை இருக்கிறது, வருத்தப்படாதீர்கள். முறையாகப் பதப்படுத்திய புழுவை மைக்ரான் கணக்கில் சீவி, சாயமேற்றி, வரிசையாக ஸ்லைடுகளில் வைப்பார்கள். டிஎன்ஏவும் எடுப்பார்கள்.

எல்லாப் புழுவும் ஒரே மாதிரி இருக்கும்போது, இது வேறு இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
— வாசகர், ஈரோடு

குடும்பப் பத்திரிகை என்பதால் கொஞ்சம் தயங்கிச் சொல்கிறேன்: ஆணுறுப்பை வைத்து. இந்தப் பேரினத்தில் அது கெட்டியான ஓர் ஊசி. இனத்துக்கு இனம் நீளம், வளைவு, நுனி மாறும். அதோடு விந்தணுவின் வடிவமும் கணக்கு. லிக்னானோவின் விந்தணுவில் பக்கவாட்டில் இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் அகப்பட்டது பெண் புழுவாக இருந்தால்?
— அதே வாசகர்

அகப்படாது. ஒவ்வொன்றும் இருபாலி. கலவியில் இரண்டுமே கொடுக்கும், இரண்டுமே வாங்கும். பிறகு பல சமயம் புழு வளைந்து, தன் பெண் துவாரத்தின் மேல் வாயை வைத்து உறிஞ்சுகிறது. வாங்கிய விந்தை வெளியேற்றத்தான் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அந்த முட்கள் இந்த உறிஞ்சலுக்குத் தப்பி ஒட்டிக்கொள்ள உதவலாம் என்பது இன்னோர் ஊகம். மொய் எழுதியவர் ஒரு பக்கம், திருப்பி அனுப்புகிறவர் ஒரு பக்கம்.

துணையே கிடைக்காத புழு என்ன செய்யும்?
— பெயர் வெளியிட விரும்பாதவர், சென்னை

லிக்னானோ காத்திருக்கும். அதன் உறவான 'மேக்ரோஸ்டோமம் ஹிஸ்ட்ரிக்ஸ்' அவ்வளவு பொறுமைசாலி அல்ல. தனியே விடப்பட்டால் தன் ஊசியாலேயே தன் தலைப் பக்கம் குத்தி விந்தைச் செலுத்திக்கொள்வதாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாம் தலையில் அடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வெட்டினால் இரண்டு புழு ஆகுமாமே?
— வாசகி, திருச்சி

நன்னீரில் வாழும் பிளனேரியா ஆகும். இது ஆகாது. மூளையும் தொண்டையும் உள்ள துண்டு, இழந்த பின்பகுதியை வளர்த்துக்கொள்ளும். வால் துண்டுக்குத் தலை முளைக்காது. ஒரே புழுவைக் கிட்டத்தட்ட 12 மாதங்களில் 29 முறை வெட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் வளர்ந்தது. வெட்டாமல் சும்மா விட்ட புழுக்களின் ஆயுள் சுமார் 10 மாதம்தான். தனியார் மருத்துவமனைகள் இந்தப் பதிலைக் கத்தரித்து மாட்ட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

புழுவுக்குப் பெயர் வைத்து யாருக்கு என்ன லாபம்?
— வணிகர், விருதுநகர்

முதலில் சண்டை குறையும். லிக்னானோவைப் போலவே இருக்கும் இன்னொரு புழுவை 2020இல் 'மேக்ரோஸ்டோமம் ஜானிக்கை' என்று விவரித்தார்கள். இரண்டும் கலப்பு மணம்கூடச் செய்துகொள்ளும் அளவுக்கு நெருக்கம். ஓர் ஆய்வகம் அதையும் மற்றோர் ஆய்வகம் இதையும் வைத்துக்கொண்டு ஒரே புழு என்று நினைத்திருந்தால், ஒருவர் முடிவு மற்றவருக்கு ஒத்தே வராது. இத்தனைக்கும் லிக்னானோ சாமானியப் புழு அல்ல. மொத்தமே சுமார் 25,000 செல்கள், வளர்ச்சிக்கும் பழுதுக்கும் புதுச் செல் தருவது ஸ்டெம் செல்கள் மட்டுமே. மூப்பு, மீளுருவாக்கம் என்று பல ஆய்வுகள் அதை நம்பியிருக்கின்றன. சரக்கின் மேல் சரியான பெயர் எழுதாமல் யாராவது வியாபாரம் செய்வார்களா? உங்களுக்குத் தெரியாததா.

நான் ஒன்றைக் கண்டுபிடித்தால் என் பெயரையே வைக்கலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித் தொகுப்பு அதைத் தடுக்கவில்லை. ஆனால் துறைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நண்பருக்கு வைத்து, அவர் உங்களுக்கு வைப்பார் என்று காத்திருப்பது மரபு. கையில் எடுத்துக்காட்டு மாதிரி ஒன்றை நியமித்து, அது எங்கே பாதுகாக்கப்படுகிறது என்றும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் ஸூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிய வேண்டும். இத்தனையும் முடித்தபின் அந்தப் பெயரைத் தாங்கப்போவது ஒரு புழு என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மெரினா மணலில் தேடினால் கிடைக்குமா?
— வாசகர், மயிலாப்பூர்

மணல் துகள்களுக்கு இடையே வாழும் நுண்பிராணிகள் இல்லாத கடற்கரை அபூர்வம். தேடுங்கள், ஆனால் காய்ந்த மணலில் அல்ல, அலை நனைக்கும் இடத்தில். 2022இல் இந்த ஒரே பேரினத்தை அலசியவர்கள் 145 இனங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 94க்கு அப்போது பெயரில்லை போலிருந்தது. போட்டி கடுமையில்லை.

இந்தப் புழுவுக்கு ஆசனவாய் கிடையாதாமே, மெய்யா?
— வாசகி, மதுரை

மெய்தான். வாய் ஒன்றே. உள்ளே போவதும் வெளியே வருவதும் அதே வழி. மேடைப் பேச்சாளர் எவரையேனும் மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டிருந்தால், இந்தப் பத்திரிகை பொறுப்பல்ல.