அத்தர், அத்தை, அமளி: ஓர் ஆய்வு

நூற்பா முதலில், உரை பின்னால்.

ஆள்வரு முன்னே வாசம் வருவதும்
ஆள்சென்ற பின்னும் வாசம் நிற்பதும்
வெண்பூ அத்தர்க் கியல்பென மொழிப.

மொழிப என்றது எவரை எனின், என்னைத்தான். நூற்பா சொந்தச் சரக்கு. பழைய ஏடொன்றில் கிடைத்ததாகப் புளுகலாம் என்று முதலில் யோசித்தேன், ‘அத்தர்’ காட்டிக்கொடுத்துவிடும். அதுவுமே சரியான சொல் இல்லை. அத்தர் எண்ணெய். நான் ஆராயப் புகுந்ததோ சாராயத்தில் கரைத்த சென்ட். ஆனால் நூற்பாவுக்குள் சென்ட் அடிக்க மனம் வரவில்லை.

ஆய்வுப் பொருள் ஒரு கறுப்புக் குப்பி. அத்தைக்கு, பாரிஸில் வேலை பார்க்கும் அவர் மகன் போன மார்கழியில் கொண்டுவந்து கொடுத்தது. பெயர் ஃப்ரகா. ஆய்வுக்களம், நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட். அத்தை மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. லிஃப்டுக்குள் ‘ஐந்து பேர் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. அத்தை உள்ளே இருந்தால் மூன்று பேருக்கு மேல் ஏறுவதில்லை. அத்தை ஒல்லி.

வரலாறு கொஞ்சம். ராபர் பிகே சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் பெரிய தையல் மாளிகை நடத்தியவர். கிறிஸ்தியன் தியோரும் ஜிவான்ஷியும் பேர் வாங்கும் முன் அவரிடம் வேலை பார்த்தவர்கள். அவருக்காக ஜெர்மேன் செல்லியே என்ற அம்மையார் 1948இல் கூட்டிக் கொடுத்ததுதான் ஃப்ரகா. வாசனை கூட்டும் தொழிலில் பெண்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்த காலம் அது. அம்மையாருக்கு அளவு என்பதில் நம்பிக்கை கிடையாது. 1944இல் ‘பாந்தி’யில் தோல் வாசனை, 1947இல் ‘வான் வேர்’ என்ற சென்டில் பச்சிலை வாசனை. எதை எடுத்தாலும் சாம்பாரில் பெருங்காய டப்பா கவிழ்ந்த கணக்குத்தான். ஃப்ரகாவில் கவிழ்ந்தது சம்பங்கி. மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும் கூட இருக்கின்றன. நாதஸ்வரம் வாசிக்கிற இடத்தில் சுருதிப்பெட்டி இருக்கிற மாதிரி இருக்கின்றன.

இனிச் சொல்லாராய்ச்சி. ஃப்ரகா என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தடால் சத்தம், கூச்சல், ரகளை என்றெல்லாம் பொருள். ஒரே சொல்லில் கேட்டால் அமளி. அகராதியைப் புரட்டுங்கள், அமளிக்குப் படுக்கை என்றும் ஒரு பொருள் போட்டிருக்கும். பிகே எந்த இரண்டு நினைப்பில் இந்தச் சென்டை விற்றாரோ, அந்த இரண்டும் தமிழில் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் பாதிப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. அத்தையிடம் முதல் பொருளை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சம்பங்கி என்று நாம் வாங்குவது நிலசம்பங்கி. மரத்தில் பூக்கும் செண்பகம் வேறு. இதற்குச் சொந்த ஊர் மெக்சிகோ. ஆகவே குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் இதைத் தேடுவது வீண். நான் அரை நாள் தேடினேன். தாவரவியலார் இப்போது இதைக் கற்றாழையின் அகாவே பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். டெக்கீலா காய்ச்சுகிற கற்றாழையும் அதே பேரினம். மயக்குவது பரம்பரைத் தொழில்.

பூ ஏன் வெள்ளை எனின், இருட்டில் சிவப்புக்கு என்ன வேலை? மல்லிகையும் சம்பங்கியும் பொழுது சாய்ந்த பிறகு கடை திறக்கிற பூக்கள். வாடிக்கையாளர் அந்துப்பூச்சி. அதற்கு வண்ணம் காட்டிப் பயனில்லை, தூரத்திலிருந்தே மூக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். நம்மூரில் நடுராத்திரி மல்லிகை வாசம் வந்தால் மோகினி என்பார்கள். ஐரோப்பாவிலோ, கல்யாணமாகாத பெண்கள் அந்திக்குமேல் சம்பங்கித் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாதென்று சொல்வார்களாம். இரண்டு ஊர்ப் பாட்டிகளும் ஒரே பூச்சியின் வேலை நேரத்தைப் பார்த்து இரண்டு கதை கட்டியிருக்கிறார்கள்.

இந்த வாசனை ஏன் பிடிக்கிறது? இங்கேதான் ஆய்வு கொஞ்சம் அசிங்கமான இடத்துக்குள் போகிறது. மல்லிகைச் சாற்றில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இண்டோல் என்ற பொருள் உண்டு. அவுரி நீலத்தைக் குடைந்துகொண்டிருந்த அடால்ஃப் ஃபான் பேயர் 1866இல் தயாரித்தது. பெயரும் அந்த நீலத்திலிருந்து வந்ததுதான். இதே இண்டோல் மனித மலத்திலும் இருக்கிறது. தனியாக எடுத்து முகர்ந்தால் பீரோவில் போட்ட பாச்சை உருண்டையும் கழிப்பறையும் கலந்த மாதிரி இருக்கும். துளியின் துளியாகக் கரைத்தால் பூ. நாற்றம் என்ற சொல் நல்ல வாசனையிலிருந்து கெட்ட வாசனைக்கு இறங்கிய கதையைத் தமிழாசிரியர்கள் சொல்லிச் சொல்லி நமக்குச் சலித்திருக்கும். வேதியியல் தெரிந்தவர்களுக்கு அது இறங்கவே இல்லை.

கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை மட்டும் வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் சோதனை முடிவு. ஒரு கடையில் ‘அசல் மல்லிகை’ என்று சத்தியம் செய்து ஒரு ஸ்பிரே விற்றார்கள். இனிப்பாக, சுத்தமாக, இண்டோலின் சாயலே இல்லாமல் இருந்தது. சட்டையில் அடித்துக்கொண்டு ஆபீஸ் போனேன். பக்கத்து மேசைக்காரர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, “பாத்ரூம் கழுவிட்டாங்களா சார்?” என்றார்.

சம்பங்கியில் இன்னும் சில விசித்திரங்கள் உண்டு. தேங்காய்ப்பாலை நினைவூட்டும் லாக்டோன்கள் இருக்கின்றன. ஃப்ரகாவின் வழவழப்புக்கு அவையும் ஒரு காரணம். மூட்டுவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கிற மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கிறது. அத்தை தினமும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவர். அந்த வகையில் காலிலிருந்து கழுத்து வரை ஒரே வேதியியல்.

பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருப்பது மல்லிகை, சம்பங்கி இரண்டின் குணம். அதை வைத்து பிரான்ஸின் கிராஸ் நகரத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி, மேலே பூவை அடுக்கி, பூ ஓய்ந்ததும் எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பது. கொழுப்பு வாசனையைக் குடித்துக் குடித்து நிறைந்துபோகும். அந்தக் கொழுப்பு பன்றியும் மாடும். அத்தை சுத்த சைவம். நல்லவேளையாக இப்போது ஹெக்சேன் ஊற்றி எடுக்கிறார்கள். பெட்ரோலியத்துக்குத் தீட்டு கிடையாது. இப்படி எடுத்த மெழுகுக்குத் தொழிலில் கான்கிரீட் என்று பெயர். சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல் பக்கத்துப் பூக்கள் கான்கிரீட் ஆகிப் பிரான்ஸுக்குப் போகின்றன. அத்தையின் குப்பிக்குள் இருப்பது எந்த ஊர்ப் பூவோ. பூக்காரம்மாவிடம் மல்லிகையை முழம் பேசி வாங்கித் தலையில் வைப்பாரே ஒழிய, சம்பங்கியை அத்தை ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. அது மாலைக்குப் போகிற பூ. சாமிக்குப் போடுவோம், மாப்பிள்ளைக்குப் போடுவோம், பாடையிலும் போடுவோம்.

இதன் விளைவை வாட்ச்மேன்தான் சொன்னார். அத்தை லிஃப்டில் ஏறிப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். வாட்ச்மேன் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, “மாலை வாசனை அடிக்குது. மேல யாரு வீட்ல சார் விசேஷம்?” என்றார். நான் விழிப்பதைப் பார்த்து, “இல்ல… வேற ஏதாவதா?” என்று துண்டை எடுத்துத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றினார்.

ஆள் போன பின் நிற்கும் வாசத்துக்குப் பிரெஞ்சில் ‘சியாழ்’ என்பார்கள். கப்பல் போன பிறகு தண்ணீரில் தெரியும் தடத்துக்கும் அதுதான் சொல். அத்தையின் தடம் லிஃப்டில் மதியச் சாப்பாடு வரை தெரியும்.

அத்தையிடம் நானே ஒருநாள் பேச்செடுத்தேன்.

“அத்தை, சென்ட் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?”

“எங்கடா? ஒரு வாசனையும் இல்ல. அவனை யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான். நாலு தடவை அடிச்சாத்தான் லேசா ஏதோ தெரியுது.”

அத்தை பொய் சொல்லவில்லை. மாறாமல் வந்துகொண்டே இருக்கிற வாசனையைச் சில நிமிஷத்தில் மூக்கு கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். ஊரே முகர்கிற சென்டை முகர முடியாதவர் அதைப் போட்டிருப்பவர் ஒருவர்தான். அவர் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அடிப்பார். வெண்பூ அத்தரின் வரலாறு முழுக்க இந்த ஐந்தாவது தடவையால் ஆனது என்பது என் துணிபு. 1985இல் வந்த தியோரின் ‘பாய்ஸன்’ சம்பங்கிச் சென்டை அமெரிக்காவில் சில உணவகங்கள் வாசலிலேயே நிறுத்தியதாகச் சொல்வார்கள். அங்கேயும் ஐந்தாவது தடவையாகத்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் கண்டனத்தோடு முடிப்பதாகத்தான் இருந்தேன். போன வாரம் ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. லிஃப்ட் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது திருப்பத்துக்குப் பிறகு எந்த மாடி என்ற கணக்கு விட்டுப்போனது. எந்தக் கதவும் தெரியவில்லை. இன்னும் நாலு படி ஏறினேன். வெண்ணெயும் மாலையும் கொஞ்சம் தைலமுமாக வந்தது. மூன்றாம் மாடி. அதற்குமேல் இருபது படிதான் என் வீடு.

குப்பியில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.